என் மணிக்கட்டும் என் நாத்தனாரும்

என் நாத்தனாருக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தது நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் வீட்டில் யாரும் இதைச் சொல்வதில்லை. கப்பலூர் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் பட்டறையில் ஆள் தேவை என்றபோது, பொறியியல் முடித்துவிட்டு வீட்டில் இருந்தவளைப் பற்றி முதலாளியிடம் பேச்செடுத்தது நான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

எங்கள் முதலாளியைப் பட்டறையில் எல்லோரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். ஆலைகளுக்கு இயந்திர உதிரிகள் செய்து கொடுத்துக்கொண்டிருந்தவர், வெளியூர்ப் பெரிய நிறுவனம் ஒன்று கேட்டதும் நிலாவில் ஓடப்போகிற வண்டி ஒன்றைச் செய்யத் துணிந்து இறங்கினார். ஆறு சக்கரம், ஒரு கை. மேலே ஆள் போகப்போவதில்லை. பூமியில் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து, திரையைப் பார்த்துக்கொண்டே நெம்புகோலை அசைக்க வேண்டும். வண்டி போய், அங்கே முன்பே மண் நிரப்பிப் போட்டு வைத்திருக்கும் குழாயை எடுத்துத் தன் முதுகில் உள்ள தாங்கியில் செருக வேண்டும்.

அந்தக் கையில் மணிக்கட்டு என் வேலை. மற்ற பாகங்களை வேறு வேறு ஆட்கள் செய்தார்கள், மணிக்கட்டை மட்டும் நான் யாரையும் தொட விடவில்லை. கம்பிகள் கோத்த கையுறை ஒன்றை மாட்டிக்கொண்டு, என் கை எப்படித் திரும்புகிறது, எங்கே தயங்குகிறது என்று வாரக்கணக்கில் கணினிக்குள் பதிந்தேன். குழம்புக் கரண்டியைத் திருப்பும்போதுகூட, இது எந்தக் கோணம் என்று யோசித்துக்கொண்டு நிற்பேன். "குழம்பு அடிப்பிடிக்குது, மருமகளுக்கு நிலாவுல ஞாபகம்" என்று அத்தை வெளியே யாரிடமோ சொல்லிக்கொண்டிருப்பார். முதன்முதலாக அந்த மணிக்கட்டு ஒரு குழாயைப் பிடித்துத் திருகியபோது என்னையே நான் பார்த்த மாதிரி இருந்தது. எனக்கு இருக்கும் அதே வெடுக்கென்ற திருப்பம்.

ஆகையால் அந்த நாற்காலி எனக்குத்தான் என்று நான் நினைத்ததில் என்ன தப்பு? கையைச் செய்தவள் கையை ஓட்டுகிறாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

இருந்தது. அந்த நாற்காலியில் உட்காருபவருக்குத் திறமையைவிடப் பொறுமை வேண்டும். நிலா அம்புட்டுத் தொலைவு. நாம் நெம்புகோலைத் தொட்ட சேதி அங்கே போய், அங்கிருந்து படம் திரும்பி வந்து, நடுவில் உள்ள கணினிகள் எல்லாம் அதைச் சரிபார்த்து முடிக்க, ஒரு வாய் காபி குடித்துவிடலாம். அந்தத் தாமதத்தைப் பட்டறையிலேயே செயற்கையாக வைத்துத்தான் பழகினோம். தோட்டத்தில் மோட்டாரைப் போட்டுவிட்டுக் கடைசி வயலில் தண்ணீர் காணோமே என்று மடையை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டவர்களுக்கு இது புரியும். வருகிற தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கும். நாம் திறந்ததும் சேர்ந்து வந்து வரப்பை உடைக்கும். அதே மாதிரி, கை நகரவில்லை என்று இரண்டாவது முறை தொட்டால், முதல் தொடலும் இரண்டாம் தொடலும் சேர்ந்து கையைக் கொண்டுபோய் எதிலாவது இடிக்கும்.

இதற்கு அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தார். பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொல்வாரே, கை கட்டு என்று, அதேதான். ஒருமுறை நெம்புகோலைத் தொட வேண்டும். உடனே இரண்டு கைகளையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொள்ள வேண்டும். படம் வந்த பிறகுதான் கையை அவிழ்க்கலாம். திரைக்கு மேலே பெயிண்டில் எழுதியே வைத்துவிட்டார்: தொடு, கை கட்டு, பார். பெரிய நிறுவனத்துக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு அவர்களும் கை கட்ட ஆரம்பித்தார்கள்.

எனக்குக் கை கட்டி உட்காருவது என்றால் உடம்பெல்லாம் அரிக்கும். ஒன்றாம் வகுப்பிலேயே அதற்காக அடி வாங்கியவள் நான். என் நாத்தனார் அப்படி இல்லை. தொடுவாள், கட்டிக்கொள்வாள், கோயிலில் உட்கார்ந்திருப்பதுபோல உட்கார்ந்திருப்பாள். படம் வரும். யோசிப்பாள். மறுபடி தொடுவாள். பார்த்துக்கொண்டிருக்கிற எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். வீட்டிலும் அதே கதைதான். நான் இரண்டு வேலை முடிக்கிற நேரத்தில் அவள் ஒரு வெங்காயத்தை உரித்திருப்பாள், ஆனால் அந்த வெங்காயத்தை அத்தை ஒரு வாரம் மெச்சுவார்.

இருவரும் ஒரே ஸ்கூட்டரில்தான் திருமங்கலத்திலிருந்து போய்வருவோம். நான் ஓட்டுவேன், அவள் பின்னால். சுங்கச்சாவடி தாண்டும்வரை நன்றாகத்தான் பேசிக்கொண்டு போவோம். அவள் கெட்ட பெண்ணாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். என் துணியையும் சேர்த்து மடித்து வைப்பாள். எனக்குத் தலைவலி என்றால் என் பங்கு வேலையைச் சத்தமில்லாமல் செய்துவிட்டு, செய்ததைச் சொல்லவும் மாட்டாள். இப்படிப்பட்டவளிடம் எதை வைத்துச் சண்டை போடுவது?

நாற்காலி யாருக்கு என்று முடிவு செய்ய அண்ணன் எங்கள் இருவரையும் ஓட்டச் சொன்னார். வண்டி பேரையூர்ப் பக்கம் வறண்டு கிடந்த ஒரு கண்மாய்க்குள் நிற்கும். ஓட்டுபவர் கப்பலூரில் உட்கார்ந்திருப்பார். கண்மாயில் வண்டிக்குப் பக்கத்தில் ஒருவர் நிறுத்தப் பொத்தானைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். வண்டிக்கு ஆபத்து என்று அவருக்குத் தோன்றினால் அமுக்கலாம். மற்றபடி வாய் திறக்கக் கூடாது, செல்போனில் எச்சரிக்கக் கூடாது. நிலாவில் யார் பக்கத்தில் நின்று சொல்லப்போகிறார்கள்? பொத்தானை அமுக்கினால் அன்றைய ஓட்டம் செல்லாது.

என் முறை வந்தபோது வண்டியை அழகாகக் கொண்டுபோனேன். குழாய்க்கு அருகில் கை இறங்கியது. தொட்டேன், கை கட்டினேன். படம் வரவில்லை. வரும் என்று தெரியும். எத்தனையோ தடவை செய்ததுதான். ஆனாலும் என் வலது கை தானாக அவிழ்ந்து போய் இன்னொரு தட்டுத் தட்டியது. படம் வந்தபோது குழாய் உருண்டு ஒரு கருவேலஞ்செடியின் தூரில் போய் நின்றது. அண்ணன் சுவரில் எழுதியிருந்ததை ஒருமுறை பார்த்துவிட்டு டீ சொல்லப் போனார்.

மறுநாள் அவள் ஓட்டினாள். எடுத்தாள், செருகினாள், முடிந்தது.

"நாக்காலி அந்தப் புள்ளைக்கு, தங்கச்சி. மனசுல வச்சுக்காத. உன் மணிக்கட்டு இல்லேன்னா இந்த வண்டியே இல்ல" என்றார் அண்ணன். 

"அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே. எனக்குச் சந்தோசந்தான்" என்றேன். அன்று வீட்டில் அவளுக்காகப் பால் பணியாரம் செய்தார்கள். என் வீட்டுக்காரர் தங்கையைப் பற்றித் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். "நம்ம வீட்டுப் புள்ள நிலாவுல வண்டி ஓட்டப் போகுது" என்று. இந்த வீட்டிலிருந்து ஒரு கையே போகிறதே, அது யாருடையது என்று யாராவது கேட்டார்களா? பணியாரம் ருசியாக வேறு இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

பிறகு பெரிய நிறுவனத்துக்காரர்கள் வந்து பார்க்கிற கடைசி ஓட்டம். இதில் தேறினால் வண்டியோடு ஓட்டுபவரையும் தங்கள் ஊருக்கு அழைத்துக்கொள்வார்கள். வண்டி மேலே போகிறபோது அங்குள்ள நாற்காலியில் அவரே உட்காருவார். தேறாவிட்டால் வேறு ஆளை வைத்து இன்னொரு ஓட்டம். வேறு ஆள் என்றால் என்னைத் தவிர யார் இருக்கிறார்கள்? முதல் நாள் இரவெல்லாம் அவள் பக்கத்து அறையில் நிம்மதியாகத் தூங்கினாள். நான்தான் புரண்டுகொண்டிருந்தேன்.

கண்மாயில் பொத்தானோடு நிற்கும் ஆளாக என்னைப் போட்டிருந்தார்கள். அவளே கேட்டிருக்கிறாள். "மதினி நின்னா எனக்குத் தெம்பா இருக்கும்ணே" என்று அண்ணனிடம் சொன்னாளாம். தெம்பாம்.

வெயில் ஏறிவிட்டிருந்தது. வந்திருந்த அதிகாரிகளில் ஒருவர் கப்பலூரில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். இன்னொருவர் என்னோடு கண்மாய்க்குள் நின்றார். தலைக்குத் துண்டு, கையில் குடை, கூடவே வண்டி எவ்வளவு சாய்கிறது என்று காட்டும் ஒரு சின்னக் கருவி. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏத்தா, போர் போடப் போறீகளா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

வண்டி நகர்ந்தது, நின்றது. நகர்ந்தது, நின்றது. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் கப்பலூரில் அவள் கை கட்டி உட்கார்ந்திருப்பது என் கண்ணுக்குத் தெரிந்தது. குழாய் ஒரு சின்னச் சரிவுக்குக் கீழே கிடந்தது. எங்கள் ஊர்க் கண்மாய் மண் மேலே ஓடு மாதிரி இருக்கும், உள்ளே பொடி. வண்டியின் வலது பக்கச் சக்கரங்கள் அந்த ஓட்டின் மேல் ஏறின. ஓடு உடைந்தது. வண்டி வலது பக்கமாகச் சரிய ஆரம்பித்தது.

மெதுவாகத்தான் சரிந்தது. பொடி மண் சக்கரத்துக்கு அடியிலிருந்து வழிந்துகொண்டே இருக்க, கொஞ்சம் கொஞ்சமாக. பக்கத்தில் நின்றவரின் கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் கருவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பேச அவருக்கும் அனுமதி கிடையாது.

அப்போது என் மனதில் ஓடியதை உள்ளபடி எழுதுகிறேன். அமுக்கினால் ஓட்டம் செல்லாது, அவள் போக மாட்டாள். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்ல முடியாது, ஏனென்றால் சிவப்பு எரிகிறது. அமுக்காமல் விட்டால் வண்டி கவிழும், அப்போதும் அவள் போக மாட்டாள். எந்தப் பக்கம் போனாலும் எனக்கு லாபம். இப்படி ஒரு நல்ல நேரம் என் வாழ்க்கையில் அதற்கு முன்பு வந்ததே இல்லை. இந்தச் சாய்வு அவள் திரைக்கு இன்னும் போய்ச் சேர்ந்திருக்காது, அவள் எல்லாம் நல்லபடி நடப்பதாக நினைத்து உட்கார்ந்திருப்பாள் என்பதும் தெரிந்தது. அதில் எனக்கு ஒரு குளிர்ச்சி.

ஆனால் கவிழ்ந்தால் மணிக்கட்டு உடையும். கை வலது பக்கம்தான் நீட்டியிருந்தது. அமுக்கிவிட்டு ஓடிப்போய்த் தாங்கிப் பிடிக்கலாம் என்று விரலை வைத்தேன்.

அதற்குள் அவளுக்குப் படம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அந்த நொடியில் கை அசைந்தது. தோள் இறங்கியது, முழங்கை மடிந்தது, என் மணிக்கட்டு வெடுக்கென்று திரும்பி மண்ணில் ஊன்றியது. வழுக்கி விழப் போகிறவர் ஒரு கையைத் தரையில் ஊன்றுவாரே, அப்படியே. வண்டியின் பாரத்தில் பாதி அதன்மேல் இறங்கியது. மணிக்கட்டு ஒரு சத்தம் போட்டது. அந்தச் சத்தம் என் பல்லில் தெரிந்தது.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை. வண்டி அப்படியே நின்றது. அங்கே அவள் கை கட்டிக்கொண்டு படத்துக்காகக் காத்திருக்கிறாள். இங்கே நான் காத்திருக்கிறேன். குழாயைத் திருகச் செய்த மணிக்கட்டை ஊன்றுகோலாக வைத்துவிட்டாளே என்று ஒரு ஆத்திரம். இது எனக்குத் தோன்றியிருக்குமா என்று கேட்டுக்கொண்டதில் அதைவிடப் பெரிய ஆத்திரம். விரல் பொத்தான்மேல்தான் இருந்தது. ஆனால் இப்போது அமுக்க மனம் வரவில்லை. அது தாங்குகிறதா என்று எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

தாங்கியது. சக்கரங்கள் பின்னால் சுழன்றன, நின்றன. மறுபடி சுழன்றன. வண்டி கெட்டி மண்ணுக்கு ஏறியது. கை மண்ணிலிருந்து எழுந்தது, குழாயைத் தேடிப் போனது, எடுத்தது, செருகியது. கரையில் நின்ற அம்மா ஆடுகளை ஓட்டிக்கொண்டு எப்போதோ போயிருந்தார்.

ஓட்டம் முடிந்ததும் குடைக்காரர் என்னிடம் திரும்பினார். குரல் மரியாதையாகத்தான் இருந்தது. கப்பலூரோடு பேசும் கருவியைத் திறந்து வைத்திருந்தார், அங்கே அண்ணனும் அவளும் இன்னொரு அதிகாரியும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சிவப்பு வந்ததுங்க மேடம். நீங்க அமுக்கல. வண்டிக்கு ஆபத்து இருந்ததுன்னு நீங்க சொன்னா இந்த ஓட்டத்தை நாங்க எடுத்துக்க முடியாது. ஆபத்து இல்லைன்னா ஏன் இல்லைன்னு சொல்லணும்" என்றார்.

நல்ல நேரம் இன்னும் முடியவில்லை என்று புரிந்தது. ஒரே ஒரு வாக்கியம் போதும். ஆமாம் சார், கவிழத்தான் இருந்தது, எனக்குக் கை ஓடவில்லை. அதில் பொய்கூட இல்லை. நாற்காலி காலியாகிவிடும். வாயைத் திறந்துவிட்டேன்.

"அந்த மணிக்கட்டு அவ்வளவு பாரம் தாங்கும்னு வடிவமைப்புல இல்லையே" என்று அவரே தொடர்ந்தார். "உடைஞ்சிருக்கலாம் இல்லையா?"

"உடையாது" என்றேன்.

"எப்படிச் சொல்றீங்க?"

"செஞ்சவ நான். இன்னொரு மடங்கு பாரம் வச்சாலும் தாங்கும். ஆபத்து இருந்தா அமுக்கியிருப்பேன். இல்ல, அதனால அமுக்கல."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவளை நானே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டேன். அவளைக் கவிழ்க்க வேண்டும் என்றால் என் மணிக்கட்டு நம்பக்கூடியது இல்லை என்று ஒரு வெளியூர் ஆளிடம் நான் சொல்ல வேண்டும். அதை மட்டும் என் நாக்கு சொல்லாது. அவர் தலையை ஆட்டிவிட்டுக் குடையை மடக்கினார். கருவியில் அண்ணன் யாருக்கோ கை கொடுக்கும் சத்தம் கேட்டது.

மறுநாள் யாரும் வருவதற்கு முன்பு பட்டறைக்குப் போய், மாற்றாக வைத்திருந்த இன்னொரு மணிக்கட்டில் மணல் மூட்டைகளைத் தொங்கவிட்டேன். சொன்னது உண்மைதானா என்று தெரிய வேண்டுமே. ஒரு மடங்கென்ன, அதற்கு மேலும் தாங்கியது. நான் சத்தமாகச் சிரித்தேன். அப்புறம் அந்த மூட்டைகளைத் தூக்கித் தூக்கி மூலையில் எறிந்தேன்.

அவள் கிளம்புகிற அன்று எல்லோரும் மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்துக்குப் போனோம். அத்தை அழுதார், என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியை ஏற்றினார். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக அழைத்துப் போனாள்.

"மதினி, ஒண்ணு கேக்கவா? அது தாங்கும்னு உங்களுக்கு நெசமாவே தெரியுமா?"

"தெரியாம சொல்லுவேனா? உனக்குத் தெரிஞ்சுதான ஊனுன?"

"எனக்கு எங்கிட்டுத் தெரியும். நீங்க பாத்துட்டு நிக்கீகளேன்னுதான் ஊனுனேன். உடையிற மாதிரி இருந்தா நீங்க விடுவீகளா?"

"பஸ்ஸு எடுக்கப் போறான், ஏறு" என்றேன். ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிக்கொண்டே போனாள். திரும்பி வரும்போது ஸ்கூட்டரின் பின்பக்கம் பாரமில்லாமல் துள்ளிக்கொண்டே வந்தது.

பொறாமை போய்விட்டது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். போகவில்லை. அவள் அங்கே பெரிய கூடத்தில் தினமும் வண்டியை ஓட்டிப் பழகுகிறாள். படம் அனுப்புகிறாள். படத்தில் நாற்காலி இருக்கிறது, அவள் இருக்கிறாள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் மணிக்கட்டு இருக்கிறது. என் கை நிலாவுக்குப் போகும், அங்கே அவள் சொன்னபடி கேட்கும். இதை நினைத்தால் எனக்கு இன்றும் சோறு இறங்குவதில்லை. அத்தை மட்டும் அந்தப் படத்தை அக்கம்பக்கத்தில் காட்டும்போது, இப்போதெல்லாம், "கை எங்க மருமக செஞ்சது" என்று சேர்த்துக்கொள்கிறார். கடைசியில்தான் சொல்கிறார். இருந்தாலும் சொல்கிறார்.

போன வாரம் நான் பட்டறையில் இருக்கும்போது கூப்பிட்டாள். குரலில் கொஞ்சம் சோர்வு.

"மதினி, இன்னைக்கு மணிக்கட்டு சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது. குழாயைப் பிடிக்கிற எடத்துல வெடுக்குன்னு திரும்புது. நானும் காலையில இருந்து பாக்குறேன். உங்கள மாதிரியே முரண்டு பிடிக்குது. என்ன செய்யணும், சொல்லுங்களேன்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு உடனே தெரிந்தது. என் கைதானே, எங்கே தயங்கும் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் நான் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளையும் நன்றாகக் கட்டிக்கொண்டேன். ஒரு வாய் காபி குடிக்கிற நேரம் ஒன்றும் பேசவில்லை.

அந்தப் பக்கம் அவளும் பேசாமல் காத்திருந்தாள். காத்திருக்கத்தான் அவளுக்கு நன்றாக வருமே.